விரல் போன வழி

ஜூன் 24, திங்கள்

சர்க்கரை 154.

தினமும் காலையில் விரலைக் குத்திப் பார்க்கிற எண்ணை எழுதி வைப்பதற்காக என் மகன் கோமதிநாயகம் வாங்கிக் கொடுத்த டைரி இது. ஒரு எண்ணை எழுதிவிட்டால் மீதிப் பக்கம் சும்மா கிடக்கிறது. தாளைச் சும்மா விட எனக்கு மனசு வராது.

முதலில் பேரப்பிள்ளைகளை எழுதிவிடுகிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் கூடத்துச் சுவர்ப் பக்கம் கூட்டிப்போய் நான் சொல்வது அதைத்தான். நாலு ஆணி, நாலு போட்டோ.

மூத்தவன் ராம்சுந்தர், மகள் வயிற்றுப் பேரன். கப்பலில் என்ஜினியர். வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை. அவன் தங்கை திவ்யதர்ஷினி பல் டாக்டர். கறுப்பு அங்கியும் தொப்பியுமாகப் பட்டம் வாங்குகிற போட்டோ. எனக்குப் பல்செட் கட்டினது அவள்தான், இன்றைக்கு வரைக்கும் முறுக்குக் கடிக்கிறேன். மூன்றாவது முகிலன், கோமதியின் மகன், பன்னிரண்டாம் வகுப்பு. கைப்பந்தில் மாவட்டத்தை ஜெயித்து மாநிலத்துக்குப் போனவன். கோப்பை அவன் இடுப்பு உயரம் இருக்கிறது.

நாலாவது முகிலனுக்கு அக்காள் செண்பகா. இருபத்திரண்டு வயது. கம்ப்யூட்டர் படிப்பில் முதல் வகுப்பு. அவள் போட்டோ மட்டும் மூன்றாம் வகுப்பில் மாறுவேடப் போட்டிக்குக் கேரட் வேஷம் போட்டபோது எடுத்தது. ஆறுதல் பரிசு. அதற்கப்புறம் கேமராவைக் கண்டால் ஓடிவிடுகிறாள்.

"இந்தப் பொண்ணு என்ன செய்யுதா?" என்று கேட்பார்கள். "படம் வரையுதா" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன். அவள் வரைகிறது கட்டம் கட்டமாகக் கதை சொல்கிற படம். அதற்கு மேல் விளக்கிச் சொல்ல எனக்கு வராது.

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி வேலை கொடுத்திருக்கிறது. செப்டம்பர் இரண்டாம் தேதி சேர வேண்டும். இவளுக்கோ சென்னையில் கருவண்டு காமிக்ஸ் என்று சித்திரக்கதைப் புத்தகம் போடுகிறவர்களிடம் போக ஆசை. அவர்கள் வருகிற ஏழாம் தேதி மதுரைக்கு வருகிறார்கள். புதிதாக வரைகிறவர்கள் பத்துப் பக்கம் கொண்டுபோனால் எடிட்டரே பார்த்துக் குறை நிறை சொல்வாராம். பிடித்துப்போனால் தீபாவளிப் புத்தகத்தில் கதையும் வரும், ஆறு மாதம் சம்பளத்தோடு வேலையும் உண்டு.

கோமதி தீர்மானமாகச் சொல்லிவிட்டான். செப்டம்பருக்குள் கருவண்டு கூப்பிட்டால் சென்னை. கூப்பிடாவிட்டால் கோயம்புத்தூர், அப்புறம் படம் என்ற பேச்சே இந்த வீட்டில் கிடையாது. அவளும் சரி என்றுவிட்டாள்.

ஜூன் 26, புதன்

149. சாரல் விழுந்துகொண்டே இருக்கிறது. துணி காயவில்லை.

மதுரைக்குக் கொண்டுபோகிற கதையைச் செண்பகா என்னிடம் கொடுத்தாள். அவள் வரைந்த எதையும் முதலில் படிப்பது நான்தான், பள்ளிக்கூட நாளிலிருந்து அப்படித்தான்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்று பீடித் தட்டை மடியில் வைத்தவள். எங்கள் தெருவில் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து சுற்றுவோம். ஒருத்தி பேப்பர் வாசிக்க வேண்டும், அவள் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். முப்பது வருஷம் வாசித்தது நான்தான். விரலை வைத்து, நெடுக்காக ஓடுகிற ஒரு பத்தியை உச்சியிலிருந்து அடிவரை முடித்துவிட்டுத்தான் அடுத்த பத்திக்குப் போக வேண்டும். குறுக்கே போனால் கொலைச் செய்தியும் கல்யாணச் செய்தியும் கலந்துவிடும். அந்த விரல் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

கதைக்குப் பேர் மஞ்சள் குடை. ஒரு தாளுக்கு ஆறு கட்டம், இடது பக்கம் மூன்று, வலது பக்கம் மூன்று. விரலை வைத்தேன். ஒரு தபால்காரி மஞ்சள் குடையோடு கிளம்புகிறாள். ஓடுகிறாள். ஒரு எருமை கொம்பில் குடையை மாட்டிக்கொண்டு நிற்கிறது. அப்புறம் குடை காற்றில் பறக்கிறது. அவள் சேற்றில் விழுகிறாள். சிரிக்கிறாள். அதாவது, எருமை குடையைத் திருடிவிட்டது, இவள் துரத்திப்போய்ப் பிடுங்கினாள், பிடுங்கினதைக் காற்று கொண்டுபோய்விட்டது. பக்கத்துக்குப் பக்கம் இரண்டு தரம் எதையாவது தொலைக்கிறாள். கவனம் போதாத பெண். ஆனாலும் நல்ல மனசு.

"எப்படி இருக்கு ஆச்சி?"

"ரொம்ப நல்லாருக்குட்டி."

"புரிஞ்சுதா?"

"ஏன் புரியாம?"

அவள் ஆடிக்கொண்டே அடுக்களைக்குப் போய் அவள் அம்மா ஆனந்தியிடம், ஆச்சிக்கே புரிந்துவிட்டது என்று சொன்னது எனக்குக் கேட்டது.

சில இடங்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தன. இந்தக் காலத்துக் கதைகள் அப்படித்தான் இருக்கும்.

ஜூன் 30, ஞாயிறு

161. மாவு அரைத்தேன். கிரைண்டர் கல்லை முகிலன் தூக்கிக் கழுவித் தந்தான்.

ஜூலை 5, வெள்ளி

முந்திரிக்கொத்து செய்தேன். பாசிப்பயறை வறுத்துத் திரித்து, பாகு ஊற்றி, உருட்டி, மாவில் முக்கிப் பொரித்தது. எடிட்டரைப் பார்க்கப் போகிறவள் வெறுங்கையோடு போகலாமா? செண்பகா வேண்டவே வேண்டாம் என்றாள், லஞ்சம் மாதிரி இருக்குமாம். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு நாம் பலகாரம் கொடுக்கிறதில்லையா, அது லஞ்சமா என்று கேட்டேன். அதுவும் லஞ்சம்தான் என்றாள்.

ஆனந்திக்கு லீவு கிடைக்கவில்லை. துணைக்கு நான் போகிறேன்.

ஜூலை 6, சனி

218. மெஷின் சரியில்லை.

ஜூலை 8, திங்கள்

நேற்று எழுதவில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

தென்காசியில் ஆறு மணி பஸ். ராஜபாளையம் வரை செண்பகா பேசிக்கொண்டே வந்தாள், அதற்கப்புறம் படங்கள் இருந்த ஃபைலை மடியில் வைத்துத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு வந்தாள். மதுரையில் ஒரு சின்ன மண்டபம். வரிசையாகப் பிள்ளைகள், எல்லார் மடியிலும் கறுப்பு ஃபைல். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே கவரோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்திலிருந்த பையன் வரைந்ததில் ஒரு மனுஷனுக்குக் கையெல்லாம் உருண்டை உருண்டையாக இருந்தது. நீர்க்கட்டியா என்று கேட்டேன். சதை என்றான்.

எடிட்டர் பேர் ஜெசிந்தா. ஐம்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நான் டப்பாவை நீட்டினேன். முதலில் பக்கங்களைப் பார்த்துவிடுகிறேன் பாட்டி என்று அதை வாங்கி மேசை ஓரமாக வைத்தார். அதிலேயே எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. கொஞ்சம் பயமும் வந்தது.

பத்துப் பக்கத்தையும் புரட்டினார். திரும்ப ஒரு தரம் புரட்டினார். எருமையை மெச்சினார். எருமை வரையத் தெரிந்தவர்களுக்கு எல்லாம் வரையத் தெரியும் என்றார். தபால்காரியின் கைகள் பேசுகின்றன என்றார். எனக்கு எழுந்து நின்று எல்லாரிடமும் இவள் என் பேத்தி என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. மழைக்கோடு எல்லாம் ஒரே சாய்வில் இருக்கிறது, மழை அப்படிப் பெய்யாது என்றார். அது உண்மைதான், எங்கள் ஊர்ச் சாரல் பக்கவாட்டில் கூட வரும்.

அதற்கப்புறம் முதல் பக்கத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"படம் நல்லாருக்கும்மா. ஆனா என்னால படிக்க முடியல."

செண்பகாவுக்கு விளங்கவில்லை. எடிட்டர் முதல் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இங்கேர்ந்து என் கண்ணு எங்க போகணும்?"

"வலது பக்கம், மேடம்."

"ஏன், கீழ போனா என்ன? கட்டத்துக்குப் பக்கத்துல இருக்கற சந்தும் கீழ இருக்கற சந்தும் ஒரே அளவுதான் விட்டிருக்க. எந்தக் கட்டத்துலயும் இப்படிப் போன்னு என்னைப் பிடிச்சுத் தள்ளுற மாதிரி ஒண்ணும் இல்ல. கீழ போனா உன் கதை தலைகீழா ஆயிடும்."

"யாரும் அப்படிப் படிக்க மாட்டாங்க மேடம்."

"இத யார் யார் படிச்சாங்க?"

"எங்க ஆச்சி. நான் வரையற எல்லாத்தையும் படிப்பாங்க. இதுவரைக்கும் ஒரு குறை சொன்னதில்ல."

எடிட்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்குத் தண்ணீர் தாகம் எடுத்தது. வெளியே குழாயடிக்குப் போய்விட்டேன். அங்கே கொஞ்ச நேரம் ஆகிவிட்டது.

நான் திரும்பி வந்தபோது செண்பகா ஃபைலை மூடிக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆகஸ்ட் பத்தாம் தேதிக்குள் பத்துப் பக்கத்தையும் மாற்றி வரைந்து தபாலில் அனுப்பினால் திரும்பப் பார்ப்பதாக எடிட்டர் சொல்லியிருக்கிறார். மதுரையில் பார்த்த நாற்பது பேரில் மூன்று பேருக்குத்தான் அப்படிச் சொன்னாராம். டப்பாவில் இரண்டு உருண்டை குறைந்திருந்தது.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தாள். நான் தூங்குகிற மாதிரி இருந்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

157. கொல்லைக் குழாய் ஒழுகுகிறது. ஆள் வரச் சொல்ல வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

151. ஆள் வரவில்லை. செண்பகா பென்சிலைத் தொடவில்லை. முகிலனிடம் மட்டும் சண்டை போடுகிறாள்.

ஜூலை 14, ஞாயிறு

166.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சு வந்தது. கோமதி கோபமாகப் பேசவில்லை. அந்தம்மா மாற்றச் சொன்னதை மாற்றிப் பார்க்க வேண்டியதுதானே என்றுதான் கேட்டான். மாற்ற ஒன்றும் இல்லை என்றாள் இவள். கோயம்புத்தூருக்கே வருகிறேன் என்று நாளைக்கு எழுதிப் போடப் போகிறாளாம்.

"அவங்களுக்குக் குறை சொல்லணும், சொன்னாங்க. அஞ்சாங்கிளாஸ் படிச்ச ஆச்சிக்கே புரியுது, அவங்களுக்குப் புரியலயாம். கேளுங்கப்பா ஆச்சிட்ட."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் முகிலனுக்கு ரசம் ஊற்றினேன். அவன் ஏற்கெனவே மோர் ஊற்றிவிட்டிருந்தான்.

ஜூலை 15, திங்கள்

172. குழாய் ஆள் வந்தார். வாஷரை மாற்றினார். இதில் எழுத வேறு ஒன்றும் இல்லை.

இருக்கிறது. நாலு வருஷம் முன்னால் செண்பகா வரைந்த கிணற்றுக் கதையில் செத்துப்போன கிழவர் அடுத்த கட்டத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பார். அவர் ஆவி என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால், ஆச்சிக்கு விளங்கவில்லை என்று இன்னொருத்தரிடம் கொண்டுபோய்விடுவாள். பல் டாக்டர் பேத்தியிடம் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, கப்பல்காரன் பேரனிடமும் இல்லை. இந்த ஒருத்திதான் எதையாவது வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்காருகிறவள்.

கம்பெனிக்கு இன்றைக்கு எழுதவில்லை. கரண்ட் போய்விட்டது. நாளைக்கு எழுதுவாளாம்.

ஜூலை 16, செவ்வாய்

விரலைக் குத்தவில்லை. நேரம் இல்லை.

காலையில் செண்பகா கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தாள். நான் அவள் மேசைக்கு அடியிலிருந்து ஃபைலை எடுத்து அவள் முன்னால் பிரித்து வைத்தேன்.

"நான் வாசிக்கேன். நீ என் மூஞ்சியப் பாக்காத, விரலப் பாரு."

அவளுக்கு எரிச்சல். ஆனாலும் பார்த்தாள். முதல் கட்டத்தில் வைத்தேன், தபால்காரி கிளம்பினாள். கீழே இறக்கினேன், ஓடினாள். இன்னும் கீழே இறக்கினேன்.

"ஆச்சி, அங்க இல்ல."

"எனக்கு அங்கதான் போகுது."

எருமை குடையைத் திருடினது, இவள் பிடுங்கினது, அப்புறம் மேலே ஏறி வலது பக்கத்தில் காற்று கொண்டுபோனது, எல்லாவற்றையும் பேப்பர் வாசிக்கிற மாதிரி உரக்க வாசித்தேன். அடுக்களையிலிருந்து ஆனந்தி கரண்டியோடு வந்து வாசலில் நின்றுவிட்டாள்.

"எப்பவுமே இப்படித்தான் படிப்பியா ஆச்சி?"

"எப்பவும்."

"ஸ்கூல்ல வரைஞ்சது? கிணத்துக் கதை?"

"கிழவர் ஆவியில்லையா?"

அவள் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றாள். தோள் குலுங்கியது. நான் அழ வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் நல்லாருக்கு, நல்லாருக்கு என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பிள்ளையை ஏமாற்றியிருக்கிறேன் என்று என் வாயாலேயே சொன்னேன். அவள் திரும்பினாள். சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். எருமை திருடினது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆனந்திக்கும் தொற்றிக்கொண்டது. கடைசியில் நானும் சிரித்தேன், பல்செட் கழன்றுவிட்டது.

அப்புறம் அவளே பத்தாம் பக்கத்தை எடுத்து, இதையும் வாசி என்றாள்.

அந்தப் பக்கத்தில்தான் தபால்காரி கடிதத்தைச் சேர்க்கிறாள். கப்பலுக்குப் போன அண்ணனிடமிருந்து ஒரு வருஷமாகத் தகவல் இல்லாத ஒரு பெண்ணின் வீடு. நான் வாசித்தேன். தபால்காரி கதவைத் தட்டுகிறாள். கையை நீட்டிக் கடிதத்தைக் கொடுக்கிறாள், ஜன்னல் வழியாகத்தான் இருக்கும். அந்தப் பெண் அழுகிறாள். அப்புறம் கதவைத் திறந்து வெளியே வருகிறாள். கடிதத்தைப் படிக்கிறாள். சிரிக்கிறாள், அண்ணன் வருகிறான்.

செண்பகா சிரிக்கவில்லை. அவள் வரைந்தது வேறு. கதவைத் திறக்கிறாள், கடிதத்தை வாங்குகிறாள், படிக்கிறாள், சந்தோஷத்தில் அழுகிறாள், சிரிக்கிறாள்.

"படிக்கதுக்கு முன்னாடியே ஏன் அழுதா? உனக்கு அது தப்பாத் தோணலையா ஆச்சி?"

இதில் தப்புக்கு என்ன இருக்கிறது? தந்தி என்றால் எங்கள் தெருவில் பிரிப்பதற்கு முன்னால்தான் அழுவோம். ஒரு தடவை எங்கள் வீட்டுக்கே வந்தது. என் அம்மா மாரில் அடித்துக்கொண்டாள், பீடித் தட்டையெல்லாம் போட்டுவிட்டுப் பத்துப் பேர் கூடி அழுதோம், யார் செத்தது என்று தெரியாமலே எல்லாரும் அழுகிறோம். தபால்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே பிரித்து வாசித்தார். திருச்செந்தூரில் என் தங்கைக்கு ஆண் குழந்தை. அழுத கண்ணோடு அப்படியே உட்கார்ந்து சிரித்தோம். அந்தத் தபால்காரருக்கும் அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

செண்பகா என் விரலைப் பிடித்து அந்தப் பக்கத்தின் மேல் திரும்ப வைத்து, மேலிருந்து கீழே மெதுவாக ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

கம்பெனிக்கு இன்றைக்கும் எழுதவில்லை. கரண்ட் இருந்தது.

ஜூலை 18, வியாழன்

155. இனிமேல் இடது கை விரலில்தான் குத்துவேன். வலது கை விரலுக்கு வேலை இருக்கிறது.

ஜூலை 23, செவ்வாய்

148.

வேலை இப்படி நடக்கிறது. செண்பகா ஒரு பக்கத்தைப் பென்சிலில் லேசாக வரைகிறாள். நான் விரலை வைத்து வாசிக்கிறேன். விரல் போகிற வழியில் அவள் பின்னாலேயே சிவப்புப் பென்சிலால் கோடு இழுக்கிறாள். விரல் தடுமாறுகிற இடத்தில் சுழி போடுகிறாள். நான் புரிந்த மாதிரி நடித்தால் ஒரு முந்திரிக்கொத்து அபராதம், அதாவது எனக்குக் கிடையாது. மீதம் இருந்ததை அதற்காகத்தான் பூட்டி வைத்திருக்கிறாள்.

முதல் பக்கத்தை நாலு தரம் மாற்றிவிட்டாள். பக்கத்துக் கட்டங்களை நெருக்கி ஒட்டவைத்தாள், வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில் வாய்க்கால் மாதிரி சந்து விட்டாள். அப்படியும் என் விரல் கீழே இறங்கியது. முப்பது வருஷப் பழக்கம். அப்புறம் குடையை முதல் கட்டத்தின் கோட்டை உடைத்துக்கொண்டு பக்கத்துக் கட்டத்துக்குப் பறக்க விட்டாள். என் விரல் குடையோடேயே போய்விட்டது. நான் போகச் சொல்லவில்லை, தானாகப் போனது.

கோமதி வேலை முடிந்து வந்து ஒரு பக்கத்தை எடுத்துப் பார்த்தான்.

"எம்மா, எருமை இப்ப திருடலையா?"

"அது பாவம்டா, வாயில்லாச் சீவன்."

அப்புறம் அவன் சட்டை கூட மாற்றாமல் ஆறாம் பக்கம் வரைக்கும் நின்றுகொண்டே பார்த்தான்.

ஜூலை 28, ஞாயிறு

150. எட்டாம் பக்கத்தில் இன்னும் சுழி. பேச்சு எழுதுகிற வட்டம் தப்பான இடத்தில் இருக்கிறது, பதிலை முதலில் வாசித்துக் கேள்வியை அப்புறம் வாசித்தேன். முகிலனை வைத்தும் சோதித்தாள். அவன் எல்லாவற்றையும் சரியாக வாசித்தான். நீ பிரயோஜனமில்லை, போ என்று அனுப்பிவிட்டாள். எனக்கு உள்ளூர இனித்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மழை வரைந்தாள், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு சாய்வு. கொல்லையில் போய் நனைந்துகொண்டே பார்த்துவிட்டு வந்து வரைந்தாள். ஆனந்தி திட்டித் தலை துவட்டிவிட்டாள்.

பத்தாம் பக்கத்தைக் கடைசியாக எடுத்தாள். அதை மட்டும் எனக்கு முன்னால் வரையவில்லை. சாயங்காலம் கொண்டுவந்து வைத்தாள்.

இந்த ஒரு பக்கத்தில் மட்டும் நட்டநடுவில் மேலிருந்து கீழாக ஒரு பெரிய சந்து, அதில் மழை பெய்கிறது. இடது பக்கம் தபால்காரி தட்டுகிறாள், ஜன்னல் கம்பி வழியாகக் கடிதத்தைக் கொடுக்கிறாள், அந்தப் பெண் பிரிக்காத கடிதத்தை நெஞ்சில் வைத்து அழுகிறாள். வலது பக்கம் கதவு திறக்கிறது, படிக்கிறாள், இரண்டு பேரும் மஞ்சள் குடைக்குக் கீழே சிரிக்கிறார்கள்.

முகிலனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னோம். அவனுக்கும் விரல் மேலிருந்து கீழேதான் போனது. ஆனந்திக்கும் அப்படியே.

எங்கள் அம்மா மாதிரியே அழுகிறாள் அந்தப் பெண். செண்பகா என் அம்மாவைப் பார்த்ததே கிடையாது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தபாலில் போட்டாயிற்று. நானும் போனேன். கவுண்டரில் இருந்த பெண் முத்திரை குத்தும்போது, உள்ளே இருப்பது தபால்காரி கதை என்று சொல்லிவிட்டேன். மெதுவாகக் குத்தினாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

144. தகவல் இல்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

147. இல்லை. ஆனந்தி கோயம்புத்தூருக்குப் போகிற பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள். நான் அதை நிழலுக்கு நகர்த்தி வைத்தேன்.

ஆகஸ்ட் 24, சனி

இல்லை.

ஆகஸ்ட் 28, புதன்

பதினொரு மணிக்குத் தபால் வந்தது. பெரிய உறை. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். செண்பகாவைக் கூப்பிட்டேன். அவள் ஓடிவந்து வாங்கி, பிரிக்காமல் அப்படியே நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஆச்சி, வரைஞ்ச மாதிரியே செய்யுதேன் பாரு என்று மூக்கை உறிஞ்சினாள்.

எடிட்டர் கையால் எழுதிய கடிதம். செண்பகா வாசிக்கவில்லை, என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். இதில் கட்டம் இல்லை. நேர்வரிதான். விரலை வைத்து உரக்க வாசித்தேன். அதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

"ஒன்பது பக்கம் என்னைக் குறுக்கே ஓடவிட்டு, பத்தாவது பக்கத்தில் கீழே இறக்கிவிட்டாய். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்தாம் பக்கத்தில் எழுத்து இன்னும் சின்னதாக இருக்கிறது, மாற்று. மழை இப்போது மழையாக இருக்கிறது. தீபாவளிப் புத்தகத்தில் முதல் கதை இதுதான். செப்டம்பர் ஒன்பதாம் தேதி வேலைக்கு வா. முதலில் படித்த வாசகரிடம் இப்போதும் காட்டினாய் என்று தெரிகிறது. அவரை விட்டுவிடாதே. முந்திரிக்கொத்துக்கு நன்றி."

கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தேன். மனசாரச் சொல்கிறேன், கடைசிக்கு முந்தின வரியைத்தான் இரண்டு தரம் வாசித்தேன்.

கோமதி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். கடிதத்தை நின்றபடியே படித்தான். உட்கார்ந்து திரும்பப் படித்தான். கோயம்புத்தூர் கம்பெனிக்கு வரவில்லை என்று எப்படி எழுத வேண்டும் என்று முகிலனிடம் கேட்டான். சாப்பிட்டுவிட்டுப் போகும்போது வாசலில் நின்று, எதிர்வீட்டுக்காரரிடம் தீபாவளிக்குப் புத்தகம் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். சாதாரணமாகச் சொல்கிறவன் மாதிரிதான் சொன்னான். தெருமுனை வரைக்கும் கேட்டது.

ராத்திரி, இனிப்புத் தின்ற பிறகு பார்த்தது 231. மெஷின் சரியாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 8, ஞாயிறு

ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். பென்சில் டப்பா, போர்வை, இரண்டு டப்பா முந்திரிக்கொத்து. ஒன்று எடிட்டருக்கு. இந்தத் தடவை லஞ்சம் என்று அவள் சொல்லவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

146.

செண்பகா, இந்தப் பக்கத்தைக் கிழித்து உனக்குத் தபாலில் அனுப்பப் போகிறேன். சர்க்கரை எண்ணை உன் அப்பனிடம் வாயால் சொல்லிக்கொள்கிறேன்.

நீ அனுப்பின புதுக் கதையின் மூன்று பக்கத்தையும் வாசித்துவிட்டேன். விரல் போன வழியைச் சிவப்புப் பென்சிலால் போட்டிருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு சுழி இருக்கிறது. அந்தக் குருவி எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. நல்லாருக்கு என்று சொல்லமாட்டேன். குருவியைக் கண்டுபிடித்துக் கொடு, அப்புறம் சொல்கிறேன்.

நேற்று உன் அம்மாவின் பெரியம்மா வந்திருந்தார்கள். சுவர்ப் பக்கம் கூட்டிப்போனேன். கப்பல், பல், கோப்பை எல்லாம் சொல்லி முடித்தேன். இந்தப் பொண்ணு என்ன செய்கிறாள் என்று கேட்டார்கள். நான் காப்பி போடப் போகவில்லை. அவர்களை உட்கார வைத்துத் தபால்காரி கிளம்பினதிலிருந்து குடைக்குக் கீழே சிரித்தது வரைக்கும் முழுக்கதையும் சொன்னேன். பத்தாம் பக்கத்தில் அவர்களும் அழுதார்கள். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார்கள். ராத்திரிச் சாப்பாடு இங்கேதான்.

அவர்கள் போன பிறகு சுவரிலிருந்த உன் கேரட் போட்டோவைக் கழற்றித் துடைத்து என் பீரோவில் வைத்துவிட்டேன். அதைத் தூரப் போடமாட்டேன், பயப்படாதே. ஒளிந்துகொள்ளாமல் போய் ஒரு போட்டோ எடுத்துக்கொள். பட்டுச் சேலை வேண்டாம். வரைந்துகொண்டிருக்கும்போது, விரலில் மை ஒட்டியிருக்கும்போது எடுக்கச் சொல். போனில் அனுப்பாதே, அது உன் அம்மா போனோடு போய்விடும். தாளில் போட்டுத் தபாலில் அனுப்பு. சீக்கிரம் அனுப்பு, ஆணி காலியாக இருக்கிறது.